முசுறு வலி

"இடுப்பிலேருந்து குதிகால் வரைக்கும் முசுறு வரிசையா இறங்குதுங்கய்யா. ஒண்ணுகூட வழி தவறல" என்றான் சதாசிவம்.

டாக்டர் லியோனார்டின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். சதாசிவம் ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். ஒல்லியான ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. முகத்தில் கேலி எதுவும் இல்லை.

"இதுக்கு முன்னாடி வலி எப்படி இருந்துச்சு?"

"முன்னாடி சும்மா வலிச்சுதுங்க."

"இப்ப?"

"இப்பத்தான் சொன்னேனேங்கய்யா. முசுறு."

மரத்து இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்புதான் முசுறு. அதனிடம் கடி வாங்காதவர் தோட்டத்தில் கிடையாது. ஆனால் அதை இடுப்பு வலியோடு சேர்த்துச் சொன்னவர் அதுவரை யாருமில்லை, லியோனார்டைத் தவிர. சதாசிவம் சொன்னது அவர் எழுதிய வாக்கியம். சிங்கப்பூரில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையில், வேறு பெயரில் அவர் எழுதிவந்த தொடர்கதையில், சென்ற சனிக்கிழமை வெளியான அத்தியாயத்தில் இருந்தது.

தேய்த்துக்கொள்ள எண்ணெய் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்து வந்த பெண்ணுக்கும் முசுறு. அதற்கடுத்து வந்தவனுக்கு இரண்டு காலிலும் முசுறு.

லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. லியோனார்ட் சிங்கப்பூரில் மருத்துவம் படித்து முடித்து அங்கே வந்தபோது மனைவி கத்தரினும் கூட வந்தாள். முதல் பிரசவத்தில் அவள் போனாள். பிள்ளையும் தங்கவில்லை. அடுத்த வருஷம் தோட்டத்துக்குள் ஓடும் சின்னத் தண்டவாளத்தில் டிராலி கவிழ்ந்து, கீழே கிடந்த கட்டையில் அவருடைய முதுகு மோதியது. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லாதது இடது இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாகக் குதிகால் வரை அன்றிலிருந்து இருக்கிறது.

நிற்கலாம். நடக்கலாம். சாய்ந்து படுக்கலாம். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்த சற்று நேரத்தில் கால் தன்னுடையது இல்லை என்று தோன்றும். அதற்கு மேலும் உட்கார்ந்தால் தன்னுடையதாக இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். அதனால் நெஞ்சுயரத்துக்கு ஒரு மேசை செய்யச் சொல்லி, நோயாளிகளை நின்றுகொண்டே பார்த்தார். அவசரக்கார டாக்டர் என்று சிலர் சொன்னார்கள். தலைக்கனம் என்று சிலர். உண்மை தெரிந்தவர் ஒருவர்தான், காயங்களுக்குக் கட்டுப் போட்டு மருந்து கலக்கிக் கொடுக்கும் டிரெஸ்ஸர் தங்கராஜு.

முதல் சில மாதங்கள் வலிக்கு மார்பியா ஊசி போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட நாட்களில் நோயாளி சொல்வதில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே ஊகித்துக்கொள்வது அவருக்கே தெரிந்தது. ஒருநாள் காலையில் மருந்து அலமாரிச் சாவியைத் தங்கராஜுவிடம் நீட்டினார்.

"இனி இது உன்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

"கோவமா கேட்டீங்கன்னா?"

"அப்பவும்."

"அத எழுதிக் குடுத்துருங்க ஐயா. நாளைக்கு என்னை வேலைய விட்டுத் தூக்கினீங்கன்னா காட்டணும்ல."

கதை எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகு. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். கத்தரின் சிங்கப்பூரில் பார்த்துப் பார்த்து வாங்கிய பிரம்பு நாற்காலி அது. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று தினமும் மற்றவர்களைக் கேட்கிறவர், ஒருநாள் அதே கேள்விகளைத் தன்னிடமே கேட்டுப் பதில் எழுதப் பார்த்தார். மருத்துவப் புத்தகத்தில் படித்த ஆங்கிலச் சொற்கள் நாலைந்து இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. தமிழில் எழுதிப் பார்த்தார். 'எனக்கு' என்று தொடங்கிய வாக்கியம் நகரவில்லை. சந்திரமதி என்று ஒரு பால்வெட்டுக்காரியை உண்டாக்கி, வலியை அவளிடம் கொடுத்தார். நகர்ந்தது.

மார்பில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. எழுதும்போது வலி போய்விடவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அது சந்திரமதியின் வலியாக இருந்தது. அதைக் கவனிப்பது அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

பத்திரிகை சனிக்கிழமை ரயிலில் வரும். இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் இருக்கும் வாசலில் நின்று தங்கராஜு அதை உரக்கப் படிப்பார். பிறகு அது கங்காணி செல்லப்பனின் கடைக்குப் போய், அங்கே மறுபடியும் படிக்கப்பட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகச் சுற்றும். கதை தொடங்கிய பிறகு வெள்ளிக்கிழமை யாருக்கும் உடம்பு குணமாவதில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால், இன்னும் ஒருநாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்பார்கள்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஆஸ்பத்திரிக்கு வரும்வரை.

ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று பெயர் எடுத்தவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்கிறவர்களில் உடம்பு சுடுகிறவர்களுக்கு மட்டும் ஓய்வுச் சீட்டு. மற்றவர்கள் ரப்பர்க் காட்டுக்குப் போக வேண்டும். வலிக்குச் சூடு கிடையாது. அதனால் வலிக்குச் சீட்டும் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் உண்டு.

துரை தொப்பியைக் கழற்றாமலே பேசினார். என்னுடைய தோட்டத்தில் திடீரென்று எறும்புத் தொல்லை வந்திருக்கிறதாமே என்று கேட்டார். மரத்தில் இருந்தால் மண்ணெண்ணெய் அடிக்கலாம், மனிதர்களின் இடுப்பில் இருந்தால் எதை அடிப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர் சிரித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். இது இப்படியே போனால் சீட்டு கொடுக்கும் பொறுப்பைக் கங்காணியிடம் விட வேண்டியிருக்கும். நடிக்கிறவர்கள் யார் யார் என்று டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்? பெயர்களைக் கொடுத்தால் அடுத்த கப்பலில் இடம் இருக்கிறது.

லியோனார்ட் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து முசுறு என்று வந்தவர்களுக்கெல்லாம் எண்ணெய் கொடுத்து வேலைக்கு அனுப்பினார். கப்பலில் போவதைவிடக் காட்டுக்குப் போவது மேல் என்று நினைத்தார். அது தப்பான கணக்கும் இல்லை. பெரும்பாலும் குனிந்து பால் வெட்டி வந்த சாதாரண முதுகு வலிதான்.

அங்கம்மா வந்தது அந்த வாரத்தில்.

வாசல் பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் குனிந்து, இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். முப்பது வயதிருக்கும். முறை வந்ததும் பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்து எழுந்து, கூன் போட்டவளைப் போல நடந்து வந்தாள்.

"என்ன?"

"கால் வலிங்கய்யா. இடது காலு."

"எப்படி வலிக்குது?"

அவள் யோசித்தாள். பின்னால் வரிசை நின்றது.

"இடுப்பிலேருந்து குதிகால் வரைக்கும் முசுறு…"

"வரிசையா இறங்குது" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுகூட வழி தவறல" என்று முடித்தது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். லியோனார்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சனிக்கிழமை கதை கேட்டியா?"

"கேட்டேங்க."

"அதுக்கப்புறம் வந்த வலியா இது?"

"முன்னாடியே இருந்துச்சுங்க. எப்படின்னு சொல்லத் தெரியல."

தங்கராஜு காய்ச்சல் பார்த்தார். இல்லை. லியோனார்ட் எண்ணெய் எழுதினார்.

"நல்லா தேய். நாளைக்கு வேலைக்குப் போ."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதன்பின் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம், லியோனார்ட் அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தார். சந்திரமதியை மாட்டு வண்டியில் ரயில் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 'வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். அடித்தார். சந்திரமதி எப்படி உட்காருவாள்? அவளுக்கு இருப்பது அவருடைய வலி. வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்தால் சாலை முடியும் முன்பே குதித்துவிடுவாள். படுத்துக்கொண்டு போவாள். இல்லாவிட்டால் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போவாள். அவளால் எதுவும் முடியும், உட்காருவதைத் தவிர.

பென்சில் நின்றது.

அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். குனிந்திருந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தபோதுதான் உதட்டைக் கடித்தாள். எழுந்த பிறகும் தொடை நிமிரவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே மடங்கி இருந்தது. அதைத்தான் அவர் கூன் என்று பார்த்தார்.

வாக்கியம் அவருடையது. வலி அவருடையது இல்லை. அவளுக்கு இருப்பது வேறு ஏதோ ஒன்று.

அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் உருண்டு எழுந்தார். அவருக்கு எழுந்திருக்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

"தங்கராஜு, அங்கம்மா மறுபடி வந்தாளா?"

"எந்த அங்கம்மா ஐயா?"

"முசுறுன்னு வந்தாளே."

"எல்லாருமே முசுறுதான் ஐயா. அடையாளம் வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"பெஞ்சுல உக்காந்திருந்தா. தொடையப் பிடிச்சுக்கிட்டு."

"ஐயாசாமி பொண்டாட்டியா? கடைசி லயம். வேலைக்குத்தான் போயிருப்பா. நீங்கதானே போகச் சொன்னீங்க."

லியோனார்ட் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "வண்டியக் கட்டச் சொல்லு. அவ என் வாக்கியத்தைச் சொன்னா. நான் அதை மட்டும் கேட்டேன்."

"சரிங்கய்யா."

சட்டைப் பொத்தான் நின்றது. "என் வாக்கியம்னு சொன்னா நீ ஏன் ஆச்சரியப்படல?"

"லாபிஸ் தபாலாபீசுக்கு உறையக் கொண்டுபோறவன் யாரு? அந்தக் கிறுக்கலத்தானே நான் தெனமும் மருந்துச்சீட்டுல எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா, அடுத்த வாரம் என்ன ஆகும்னு கேட்டு என்னைப் பிச்சுத் தின்னுருவாங்க."

மாட்டு வண்டியில் கோணிகளைப் போட்டு லியோனார்ட் படுத்துக்கொண்டார். முதல் பள்ளத்திலேயே படுப்பதும் உட்காருவதும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளமும் இடுப்புக்குள் ஒருமுறை விழுந்து எழுந்தது. தங்கராஜு வண்டிக்காரனிடம் மெல்லப் போகச் சொன்னார். வேகமாகப் போ என்றார் லியோனார்ட்.

கடைசி லயத்தின் வாசலில் ஐயாசாமி நின்றுகொண்டிருந்தான். டாக்டர் வண்டியிலிருந்து இறங்க ஒத்தாசை செய்யவில்லை.

"என்ன ஐயா, கதையைத் தேடிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"அங்கம்மா எங்க?"

"உள்ளதான் கெடக்கா. காலையில காட்டுல பால் வாளியோட விழுந்துட்டா. கொட்டின பாலுக்குக் கங்காணி என்னை ஏசுறாரு. நடிப்புன்னு டாக்டரே சொல்லிட்டாராம்."

"நான் அப்படிச் சொல்லல."

"சிரிச்சீங்களாமே."

லியோனார்ட் உள்ளே போனார். அங்கம்மா பாயில் வலது பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தார். கொதித்தது.

"சாயங்காலம் ஆனா இப்படித்தாங்க" என்றாள் பேச்சியம்மாள். "விடிஞ்சா ஆறிரும். பெரட்டுக்குப் போறப்ப ஒடம்பு ஐஸ் மாதிரி."

காலைப் பெரட்டில் மட்டும் சூடு பார்க்கிற தோட்டத்துக்குச் சாயங்காலத்தில் வரும் காய்ச்சல் தெரியாது. காலையில் மட்டும் பார்த்த அவருக்கும் தெரியவில்லை.

"அங்கம்மா, மல்லாந்து படு."

படுத்தாள். இடது முழங்கால் கூரையைப் பார்த்து நின்றது. அவர் மண்டியிட்டார். மண்டியிடும்போது கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்துத் தணிந்தது. அவளுடைய தொடையை மெதுவாகக் கீழே அழுத்தினார். தொடை இறங்கவில்லை. அதற்குப் பதிலாக முதுகு பாயைவிட்டு எழும்பியது. அங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"எங்க வலிக்குது? பேசாத. ஒரே விரலால தொட்டுக் காட்டு."

அவள் விரல் அடிவயிற்றின் இடது ஓரத்தில், தொடை தொடங்குகிற இடத்தில் நின்றது.

"அங்கயா? குதிகால்ல?"

"குதிகால்ல ஒண்ணுமில்லீங்க."

"அன்னிக்குக் குதிகால்னு சொன்னியே."

"கதையில அப்படித்தானேங்க வருது."

அவள் தொட்ட இடத்துக்குச் சற்று மேலே அவர் விரல்களை வைத்துப் பார்த்தார். உள்ளே ஆழத்தில் மெத்தென்று ஒன்று நிறைந்து கிடந்தது. முதுகெலும்பின் ஓரத்திலிருந்து தொடைக்கு இறங்கும் தசைக்குள் சீழ் கட்டியிருக்கிறது. வெளியே வழி செய்து கொடுக்காவிட்டால் அது உள்ளேயே ஒரு வழி தேடிக்கொள்ளும். வயிற்றுக்குள் உடைந்தால் பிழைக்க மாட்டாள். இரண்டு நாளாக அதை வைத்துக்கொண்டு தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி தூக்கியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"நான் வரல."

"ஏன்?"

"மறுபடி சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நீங்களும்தானே சிரிச்சீங்க ஐயா." குரலில் கோபம்கூட இல்லை. "சீக்காளின்னு பேரு எழுதிட்டா கப்பல்ல ஏத்திருவாங்க. எங்களுக்கு ஊர்ல யாரு இருக்கா? நான் நாளைக்கு வேலைக்குப் போயிருவேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் கேட்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அங்கம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க ஐயா" என்றாள். "பேச்சி, அந்த மணைய எடுத்துப் போடு."

"என்னால உக்கார முடியாது."

"ஏங்க?"

"இடுப்பிலேருந்து குதிகால் வரைக்கும் முசுறு இறங்குது."

அங்கம்மா அவரைக் கூர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்ப்பது தெரிந்தது. நெற்றியில் வழிந்த வேர்வையையும் சட்டத்தைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள்.

"நீங்களும் கதை கேட்டீங்களா?"

"ஆமா" என்றார் லியோனார்ட்.

வாசலில் நின்ற தங்கராஜு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குக் குதிகால் வரைக்கும் நெசமாவே இறங்குது. ஆனா அது என்னைக் கொல்லாது. உனக்குக் குதிகால்ல ஒண்ணுமில்ல. வயித்து ஓரத்துல இருக்கிறது கொன்னுரும். வண்டியில ஏறு. கப்பல் விஷயத்தை நான் பார்த்துக்கிறேன்."

அவள் ஐயாசாமியைப் பார்த்து, "அந்தப் பழைய சீலைய எடு" என்றாள்.

திரும்பி வருகையில் கோணியில் அங்கம்மா படுத்திருந்தாள். லியோனார்ட் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

விளக்கு வெளிச்சம் போதாது. விடியும்வரை காத்திருந்து, நல்ல வெளிச்சம் வந்ததும் அவளை மேசையில் கிடத்தினார்கள். தங்கராஜு முகமூடியில் குளோரோபாரம் சொட்டினார். லியோனார்ட் இடுப்பெலும்புக்கு மேலே ஓரமாகக் கீறி, வயிற்றின் உறையை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு, விரலாலேயே வழி தேடி இறங்கினார். நேராக நிற்பது அவருக்குப் பழக்கம். மேசைமேல் குனிந்து நிற்பது வேறு. பாதி வேலையில் குதிகால் மரத்தது. பிறகு மரத்த இடம் எரிந்தது. விரல் நுனியில் ஒரு சவ்வு தடுத்தது. கத்திரியின் மழுங்கிய முனையால் அதைத் துளைத்தார். சீழ் பொங்கி வந்தது. தங்கராஜு பிடித்த கிண்ணம் நிறைந்து, இன்னொன்றும் பாதி நிறைந்தது.

காயத்துக்குள் ஒரு ரப்பர்க் குழாயை விட்டு, அது நழுவாமல் தையல் போட்டு முடித்தபோது அவர் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"முழிச்சா வலிக்கும். மார்பியா போடு" என்றார்.

தங்கராஜு அலமாரியைத் திறந்து, அவளுக்கு வேண்டியதை எடுத்துப் போட்டார். அலமாரிக் கதவு திறந்தே இருந்தது. லியோனார்ட் அதன் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். சிறிய பழுப்புப் புட்டி. எந்தத் தட்டில், எந்த மூலையில் என்பது முதற்கொண்டு தெரியும்.

"ஐயா" என்றார் தங்கராஜு.

"பூட்டு."

தங்கராஜு பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டு, "அந்தக் காயிதத்த இன்னும் எழுதித் தரல நீங்க" என்றார்.

முதல் சில நாட்கள் நிச்சயமில்லாமல் இருந்தன. சாயங்காலக் காய்ச்சல் ஒருநாள் இறங்கி, மறுநாள் ஏறியது. லியோனார்ட் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அவரே சூடு பார்த்தார். குழாயில் வருவது குறைந்தது. அங்கம்மா கஞ்சி குடித்தாள். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டாள். அதன்பின் லியோனார்டுக்குக் கவலை விட்டது.

"இது நம்ம பால்ல செஞ்ச குழாயாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இருக்கும்."

"யாரு வெட்டின பாலோ. நல்லாத்தான் வெட்டியிருக்காங்க."

துரை வந்தார். அவர் பெயர்களைக் கேட்டிருந்தார் அல்லவா. லியோனார்ட் அவரை அங்கம்மாவின் படுக்கைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சீழ் வடிந்த கிண்ணத்தைக் காட்டினார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, இது ஒன்று உண்மை, மற்றவர்கள் எல்லாம் என்று கேட்டார். இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றார் லியோனார்ட். எப்போது முடிப்பீர்கள் என்று துரை கேட்டார். நான் பார்த்து முடிக்கிறவரை சீட்டு என்னிடமே இருக்கட்டும், இந்தப் பெண்ணும் இங்கேயே இருக்கட்டும் என்றார் லியோனார்ட். துரை கிண்ணத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயந்தவரைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் வெளிநோயாளிகளை லியோனார்ட் வேறு விதமாகப் பார்த்தார். முதலில் பெஞ்சில் உட்காரச் சொல்வார். பிறகு எழுந்து நிற்கச் சொல்வார். பிறகு படுக்கச் சொல்லிக் காலை நீட்டி, மடக்கிப் பார்ப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் என்ன செய்கிறது என்று கேட்பார். வரிசை மெதுவாக நகர்ந்தது. "அவசரக்கார டாக்டர் இப்ப ஆமை டாக்டர் ஆயிட்டாரு" என்றான் சதாசிவம். அவனுக்கு முதுகுத் தசைப் பிடிப்புதான். ஒரு வாரம் உயர வெட்டுள்ள மரங்களில் வேலை கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். அதில் குனிய வேண்டியதில்லை. சரியாகிவிட்டது. ஆனாலும் கடைசி அத்தியாயம் வருகிற சனிக்கிழமை, வயிற்று வலி என்று சொல்லி வார்டில் வந்து படுத்துக்கொண்டான்.

அன்று தங்கராஜு வாசலில் நின்று படித்தார். லியோனார்ட் பெண்கள் வார்டில் அங்கம்மாவின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழாயை எடுத்தாகிவிட்டது. காயம் சுருங்கியிருந்தது.

கதையில் சந்திரமதி ரயிலேறிப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் ஒன்றுமில்லை என்றார். அவள் திரும்பி வந்தாள். மறுநாள் விடியலில் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். முதல் மரத்தை வெட்டினாள். முசுறு இறங்கிற்று. இரண்டாவது மரத்துக்குப் போனாள். அவ்வளவுதான்.

தங்கராஜு பத்திரிகையை மடித்தார்.

"மிச்சத்தப் படிங்க" என்றான் சதாசிவம் அடுத்த வார்டிலிருந்து.

"மிச்சம் இல்ல. முற்றும்னு போட்டிருக்கு."

"குணமாகலியா?"

"இல்ல."

"சாகவும் இல்லியா?"

"இல்லப்பா."

"அப்புறம் இது என்ன கதை? எழுதினவனுக்கு ஒருநாளாச்சும் இடுப்பு வலி வந்திருந்தா இப்படி நட்டாத்துல விட்டிருப்பானா?"

"டாக்டரய்யாகிட்ட கேளு" என்றார் தங்கராஜு. "அவருக்கும் கதை பிடிக்கும்."

அங்கம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது மரத்துக்குப் போனால்ல?" என்றாள்.

"போனா" என்றார் லியோனார்ட்.

"அன்னிக்கு முழுசும் வெட்டியிருப்பா."

"இருக்கும்."

"அப்படின்னா சரி."

அவர் புதுக் கட்டுப் போட்டு முடித்தார்.

"கால நீட்டு" என்றார்.

அங்கம்மா மெதுவாக நீட்டினாள். முழங்கால் தாழ்ந்துகொண்டே வந்தது. அவர் அவளுடைய முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுழைய இடமில்லாமல் கால் படுக்கையோடு படிந்திருந்தது. முதுகு எழும்பவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"நெசமாவா, நாளைக்கு வீட்டுக்குப் போகணும்னு சொல்றியா?"

"நெசமாத்தாங்க. கதைதான் முடிஞ்சு போச்சே."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து நிமிர்ந்து, இடது காலை ஒருமுறை உதறி ஊன்றிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.